பிள்ளைகளைத் திருத்தும் முறை

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளைத் திருத்தும் முறைபற்றி இவ்வவையிற் சில சொற்கள் சொல்லுமாறு நம் சங்கச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகின்றோமாதலின், இப்பொருள் எமக்கு எளிதென அவர்கள் கருதினார்கள் போலும். யாமும் முதலில் அங்ஙனமே கருதிக் குறிப்புகள் எழுதினோம். எழுதியவற்றை எம் இல்லாளிடம் படித்துக் காட்டியபோது, "எல்லாம் சரிதான்; நம் வீட்டுக் கதையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டனர். அக்குறிப்புகளைக் கிழித்தெறிந்தோம். ஆதலின் இன்று யாம் சொல்லப்புகுவது பெரும்பாலும் எம் வீட்டுக் கதையே. பிறர்க்கு நீதி சொல்ல வந்தவன் தன் குற்றம் சொல்லி நிற்கின்றானே என்று நகுவார் நகுக.

பள்ளியில் எம்மைக் காணவரும் பெற்றோர் சொல்லும் குறை ஏறத்தாழ ஒன்றே. "பையன் சொன்ன சொல் கேட்பதில்லை, ஐயா. புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடம் அமர்வதில்லை. தண்ணீர் குடிக்க எழுகிறான், பிறகு வாசலைப் பார்க்க எழுகிறான். கைப்பேசியைக் கொடுத்தால் மட்டும் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான்" என்பர். போகும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்" என்று இசைவும் தந்து செல்வர். அவ்விசைவு இற்றைநாளிற் செல்லாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தை நோகச் செய்தலையும் ஒருங்கே விலக்கியுள்ளது. தந்தை சொன்னார் என்பது ஆசிரியனைக் காவாது. ஆயின் அப்பிரிவு பள்ளியைப் பற்றியது, வீட்டைப் பற்றியதன்று. சுவீடன் நாட்டார் 1979-ஆம் ஆண்டிலேயே பெற்றோரும் பிள்ளையை அடித்தலாகாது எனச் சட்டஞ் செய்தனர். உலகில் அதனை முதற்கண் செய்தவர் அவரே. நம் வீடுகளிலோ, கதவு சாத்தியபின் நிகழ்வதற்குத் தந்தையே வழக்காளியும், தந்தையே நடுவனும், தந்தையே தண்டிப்போனுமாக இருக்கின்றான்.

"அடியாத மாடு படியாது, நம் முன்னோரெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடிபட்டுத்தான் படித்தார்கள்" என்று உரைக்கும் பெரியோர் இவ்வவையிலும் இருப்பர். அதனைச் சற்றே ஆராய்வோம். சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். பல்லாரிக் கலெக்டராயிருந்த கேம்பெல் என்பார் 1823-ஆம் ஆண்டு விடுத்த அறிக்கையில், தம் மாவட்டத்துப் பள்ளிகளின் காலை வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். முதலில் வந்த மாணாக்கனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவர். அஃது அவனுக்குப் பெருமை. இரண்டாவது வந்தவன் கையிற் சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவார்க்கு ஒவ்வொன்றாக ஏறும். சோம்பியவனைக் கைகளைக் கட்டி மோட்டில் தொங்கவிடுதலும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்தலும் உண்டாம்.

அன்பர்களே, இவ்வழக்கத்தில் யாம் கண்டு வியந்தது ஒன்றுண்டு. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் கோழி கூவுமுன் வந்து நின்றாலும் மூன்றாமவனுக்கு அடி தப்பாது. யாரேனும் ஒருவன் கடைசியாக இருந்தே தீரவேண்டும். அக்கடைசிப் பிள்ளை யார்? ஒருநாள் ஒருவன், மறுநாள் மற்றொருவன் என்றா நினைக்கின்றீர்கள்? இருபது ஆண்டு வருகைப்பதிவு எழுதிய கையால் சொல்லுகின்றோம்: பெரும்பாலும் அவனேதான். நாள்தோறும் மிகுதியான அடி பெற்றவன் நாள்தோறும் கடைசியில் வந்தானாயின், அவ்வடி அவனுக்குக் கற்பித்தது என்னை? முந்தி வந்தவன் பெற்ற சரசுவதியின் பெயரை நாம் மறந்துவிட்டோம். பிரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

நிற்க. தமிழ்ப்புலமைக்குப் பயின்றோரிடம் ஒரு குற்றமுண்டு. கண்ணாற் கண்டதற்கெல்லாம் நூலில் ஒரு பெயர் தேடுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர்; மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர்; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடைமாணாக்கர். ஆடு ஏன் கடையாயிற்று எனின், ஒரு செடியில் தழை நிரம்ப இருப்பினும் அதில் நின்று வயிறார மேயாது, இங்கொரு வாயும் அங்கொரு வாயுமாகச் செடிதோறும் ஓடும் என்று உரையாளர் விளக்குவர். இதனைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் வகுப்பிலுள்ள யாரேனும் ஒரு பையனை நோக்கி யாம் நகைத்ததுண்டு, வகுப்பும் நகைக்கும். அந்நகையும் 17-ஆம் பிரிவு விலக்கிய குற்றத்துள் அடங்கும் என்பது அந்நாளில் எமக்குத் தோன்றவில்லை.

எம் இளைய மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். கிழமைக்கு இரண்டு அழிப்பான் தொலைப்பான். சோற்று டப்பாவைப் பேருந்திலேயே விட்டுவருவான். கணக்கு எழுதுங்கால் முதல் இரண்டு வரி முத்துப்போல் இருக்கும். மூன்றாவது வரியில் கூட்டல் கழித்தலாய் மாறும். நான்காவது வரியில் ஒரு பேருந்தின் படம் இருக்கும். நம்மூர் நிலையத்திற்கு எந்த வண்டி எந்நேரம் வருமென்பது அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். அறிவில்லாத பிள்ளை அல்லன் என்பது எமக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே சினம் மிகுந்தது. 'முடிந்தும் செய்யாதவன்' என்று முடிவு கட்டினோம். ஒருநாள் உறவினர் பலர் கூடியிருந்த இடத்தில், "இவன் நன்னூல் சொன்ன ஆடு" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தோம். அவனும் சிரித்தான். சிறு பிள்ளைகள் பெரியோருடன் சேர்ந்து சிரித்துவிடுவர். அதனைக்கொண்டு அவர்க்கு நோவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

இரவு ஏழு மணிக்கு வீட்டுப்பாடம் தொடங்கும். ஒன்பதரைக்கு அழுகையில் முடியும். இடையில் மர அடிக்கோல் இரண்டு முறையேனும் அவன் முழங்காலில் விழும். உண்மையை மறைத்தலாகாது: அடித்தவுடன் கால்மணி நேரம் அவன் எழுதத்தான் செய்தான். எம்மை ஏமாற்றியது அக்கால்மணி நேரமே. அடி பலித்தது என்று எண்ணினோம். பலித்திருக்குமாயின் மறுநாள் அடிக்கோல் எடுக்க வேண்டியிருந்திராது. அதற்கு மறுநாள் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டியும் இருந்திராது. அடி பிள்ளைக்குக் கற்பித்ததைவிட அடிப்பவனுக்கே விரைவாகக் கற்பிக்கின்றது. உடனே வீடு அடங்குகின்றது. அவ்வடக்கமே தந்தைக்குப் பரிசு. பரிசு பெற்றவன் அதே செயலை மீண்டும் செய்கின்றான்.

ஒருநாள் இரவு அவன் அமைதியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தான். யாம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நூலை எடுக்கக் கையை உயர்த்தினோம். பிள்ளை சட்டென்று குனிந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். யாம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துக் கைகளை எடுத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினான். எம் தாயார் திண்ணையிலிருந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பா உன்னைத் தொட்டதுகூட இல்லையேடா" என்றார்கள். அஃது உண்மை. எம் தந்தையார் எம்மை அடித்ததில்லை. அடித்து வளர்த்தார்கள் என்று யாம் பிறரிடம் பெருமையாகச் சொல்லிவந்ததெல்லாம் எம் ஆசிரியர்களைப் பற்றியது.

அவ்வாண்டு கோடை விடுமுறையில் எம் தாயாரின் ஊருக்குச் சென்றிருந்தோம். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். செம்மறிகள் தலைகவிழ்ந்து ஓரிடத்திலேயே புல் மேய, இடையிடையே நின்ற வெள்ளாடுகள் வேலியோரம் ஓடிக் கருவேலங்கிளையில் ஒரு கடி, வேப்பந்தழையில் ஒரு கடி எனத் தாவிக்கொண்டிருந்தன. எம் புலமைக்குற்றம் எம்மை விடவில்லை. முதிய கீதாரி ஒருவரிடம், "இந்த வெள்ளாடு ஓரிடத்தில் நின்று மேயாதோ?" என்று கேட்டோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, "அது புல்லுக்குப் பிறந்ததில்லை, வாத்தியாரே, தழைக்குப் பிறந்தது. தலையைத் தூக்கித்தான் மேயும். நின்று மேயவேண்டுமென்றால் அதன் வாய் உயரத்துக்குக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடணும். ஒரு கொத்து முடிந்தால் அடுத்த கொத்து" என்றார். அவர் கையில் நீண்ட கோலொன்று இருந்தது. ஆட்டை அடிக்கும் கோல் என்றே எண்ணியிருந்தோம். நுனியில் வளைந்த இரும்பு இருந்தது, துறட்டி. எட்டாத கிளையை வளைத்து ஆட்டின் வாய்க்குக் கீழே இறக்கிக் கொடுக்கும் கோல் அது.

பவணந்தியார்மேல் யாம் குறை சொல்லவில்லை. அவர் ஆசிரியனுக்கு நூல் செய்தார். ஆசிரியன் தன் மாணாக்கனைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற காலத்தில் செய்தார். தந்தைக்கு அவ்வுரிமை என்றும் இருந்ததில்லை. வீட்டிற் பிறந்தது ஆடாயின் ஆடு மேய்க்கக் கற்பதே அவன் கடன்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகள் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். செல்லுமுன் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படியில்லை", "நாளைக்கு நாலுபேர் என்ன சொல்லுவார்கள்", "பைத்தியத்துக்குப் பார்க்கும் டாக்டரிடமா?" நம் குலத்தார் வீடுகளில் மருத்துவரிடம் போவதற்குக் குறுக்கே நிற்பது பணமன்று; இம்மூன்று வாக்கியங்களே.

மருத்துவர் முதலிற் செய்தது, பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்தது. பின்பு உறக்கம், உணவு, பள்ளியில் யாரேனும் அச்சுறுத்துகின்றனரா, எழுத்துக்களை மாற்றிப் படிக்கின்றானா என்றெல்லாம் வினவினார். கண் தெரியாத பிள்ளையும், இரத்தம் குன்றிய பிள்ளையும், இரவு உறங்காத பிள்ளையும், படிப்பதிற் குறைபாடுள்ள பிள்ளையும் வெளிப்பார்வைக்குக் கவனமற்ற பிள்ளையாகவே தோன்றுமாம். இவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பின்னரே, 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்ற பெயரைச் சொன்னார். ஆங்கிலத்தில் இதனை ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கி வழங்குவர். பன்னிரண்டு வயதிற்கு முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்படல் வேண்டும். ஆறு திங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் அமெரிக்க உளமருத்துவர் கைந்நூல் வகுத்த இலக்கணம். ஆதலின் ஒருநாட் குறும்பு செய்த பிள்ளைக்கெல்லாம் இப்பெயரைச் சூட்டுதல் பொருந்தாது. பெரும்பாலான குறும்பு வெறும் குறும்பே.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1902-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறையாத, ஆயினும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தமாட்டாத, ஒறுத்தலாலும் திருந்தாத பிள்ளைகளைப் பற்றி மருத்துவர் அவையிற் பேசினார். அவர் அதனை ஒழுக்கத்தை அடக்கியாளும் ஆற்றலின் குறை என்று கருதினார். பின்வந்தோர் மூளை தொழிற்படும் முறையோடு அதனை இயைத்து நோக்கினர். 1980-இல் கவனக்குறைவு எனப் பெயர் பெற்று, 1987-இல் இன்றைய பெயரை அடைந்தது. குடும்ப வழியில் வருவதும் மிகுதி. மருத்துவர் இதனைச் சொன்னபோது எம் இல்லாள் எம்மைத் திரும்பிப் பார்த்தனர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடும் வழக்கம் எமக்கு இளமைதொட்டே உண்டு.

மருத்துவர் கேட்ட வினாக்களுள் ஒன்றே எம்மை அசைத்தது. "நேற்று இவனிடம் எத்தனை முறை பேசினீர்கள்? அதில் எத்தனை முறை குற்றம் சொல்ல?" என்றார். விரல்விட்டு எண்ணினோம். பல் துலக்கவில்லை, சட்டைப் பொத்தான் போடவில்லை, டப்பா எங்கே, எழுது, எழுது, உட்கார், எழுது. நல்ல சொல் ஒன்றும் அகப்படவில்லை. அவன் அமைதியாக இருந்த நேரமெல்லாம் யாம் நாளிதழ் படித்தோம்; அவன் எழுந்து ஓடியபோதுதான் அவனைப் பார்த்தோம். தந்தையின் பார்வை வேண்டுமாயின் என் செய்யவேண்டும் என்பதை நாமே அவனுக்குக் கற்பித்திருந்தோம்.

இனி, யாம் செய்துபார்த்துப் பயன் கண்டவற்றைச் சொல்லுவோம். இவை எம் கண்டுபிடிப்பல்ல. பெற்றோர்க்குப் பயிற்சியளிக்கும் மருத்துவர்கள் உலகெங்கும் சொல்லுபவை.

முதலாவது, அடுக்களையிலிருந்து கூவுவதை நிறுத்தினோம். அருகிற் சென்று, தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொன்னோம். "ஓடாதே" என்பதற்கு மாறாக "நடந்து வா" என்றோம். "குளித்துவிட்டுச் சீருடை போட்டுப் பை எடுத்து வை" என்ற தொடரில் மூன்று ஏவலுண்டு. அவன் காதில் முதலாவது மட்டும் விழும், சில நாள் கடைசியாவது மட்டும். மூன்றையும் மூன்று கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவதே வழி. வீட்டுப்பாடத்தையும் அங்ஙனமே வகுத்தோம். பத்து நிமிடத்திற்கு மணி வைப்பது; மணி அடித்ததும் எழுந்து முற்றத்தை ஒருமுறை சுற்றி வருவது; மீண்டும் பத்து நிமிடம். இரண்டரை மணி நேரத்துப் போர் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. யாமும் நாளிதழை மடித்து வைத்துவிட்டு அப்பத்து நிமிடமும் அருகில் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று. கடினமான பகுதி அதுவே.

இரண்டாவது, நற்செயலைக் கண்டவுடன் சொல்லுதல். மாலையில் அன்று, கிழமைக் கடைசியிலும் அன்று, கண்டவுடன். இத்தகைய பிள்ளைகட்கு நாளை என்பது நெடுந்தொலைவு. "முழு ஆண்டுத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினால் மிதிவண்டி" என்ற வாக்குறுதி அவர்க்கு வான்மீனைக் காட்டியதுபோலாம். அதுவும் "நல்ல பிள்ளை" என்று பொதுப்படச் சொல்லாது, "மூன்று வரி எழுந்திருக்காமல் எழுதினாய்" என்று செய்த செயலையே சொல்லவேண்டும். சுவரிலொரு தாள் ஒட்டி, செய்தவற்றிற்குப் புள்ளி வைத்தோம். பத்துப் புள்ளிக்கு ஞாயிறன்று பேருந்து நிலையத்தில் ஒருமணி நேரம் நின்று வண்டி பார்க்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. எமக்குக் கால்நோவு மட்டும்.

அப்படியாயின் ஒறுத்தலே வேண்டாவோ எனின், வேண்டும். பிள்ளை தம்பியை அடித்தாலோ, பொருளை உடைத்தாலோ பொறுத்துக்கொண்டிருத்தல் அன்பன்று. ஆயின் ஒறுப்புச் சிறியதாகவும், உடனடியாகவும், தவறாததாகவும் இருத்தல் வேண்டும். உடைத்தவன் பொறுக்கித் துடைப்பான். தம்பியை அடித்தவன் சில நிமிடம் ஆட்டத்தை விட்டு விலகி அமர்வான். வயதுக்கு ஒரு நிமிடம் போதும் என்பர். "ஒரு மாதம் கைப்பேசியே கிடையாது" என்று சினத்தில் விதித்து, நாமே மூன்றாம் நாள் களைப்புற்று நீட்டிவிடுவதைக் காட்டிலும், இன்று மாலை அரைமணி நேரம் கிடையாது என்று சொல்லி அரைமணி நேரமும் காத்தல் நன்று.

இக்களைப்பைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நம் வீடுகள் பலவும் இதிலேதான் வழுக்குகின்றன. திருமண மண்டபத்தில் ஒரு பிள்ளை கைப்பேசி கேட்டு அழுகின்றது. தாய் முதலில் மறுக்கின்றாள். அழுகை ஓங்குகின்றது. சுற்றத்தார் திரும்பிப் பார்க்கின்றனர். தாய் கொடுத்துவிடுகின்றாள், பிள்ளை அடங்குகின்றது. இருவரும் அன்று ஒவ்வொரு பாடம் கற்றனர். ஓங்கி அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றது. கொடுத்தால் அடங்கும் என்று தாய் கற்றாள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்பார் குடும்பங்களை நெடுங்காலம் உற்றுநோக்கி, 1982-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது இவ்விருதலைப் பாடத்தைப் பற்றியே. ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை கொடுப்பது, பத்து முறையும் கொடுப்பதினும் கேடு. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் இருவர் 1957-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எப்போதேனும் இரை கிடைக்கும் பொறியைப் புறாக்கள் ஓயாது கொத்திக்கொண்டேயிருப்பதைக் காட்டினர். நம் பிள்ளைகள் புறாக்களல்லர். ஆயினும் பத்தாம் முறை கொடுக்கும் பாட்டிமார் நம் வீடுகளில் உளர். எம் தாயாரும் அவருள் ஒருவர். தந்தை மறுத்த மிட்டாய் பாட்டியின் முந்தானை முடிச்சிலிருந்து வரும். இதனைச் சினந்து பயனில்லை. ஒருநாள் மூவரும் அமர்ந்து, "எதற்கு மறுப்போம், எதற்கு மறுக்கமாட்டோம்" என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். மறுக்கும் பொருள்கள் பாதியாகக் குறைந்தன. குறைந்தவற்றைக் காத்தல் எளிதாயிற்று.

அடியைப் பற்றி அறிஞர் முடிபு என்ன என்று கேட்பீர்களாயின், எலிசபெத் கெர்ஷாஃப் என்பாரும் உடனாய்ந்தவரும் 2016-இல் பழைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து நோக்கினர். அவற்றுள் அடங்கிய பிள்ளைகள் ஏறத்தாழ 1,60,000 பேர். ஆராய்ந்த 17 விளைவுகளுள் 13-இல் அடியோடு தீமை சேர்ந்திருந்தது. நன்மையின் பக்கம் ஒன்றும் உறுதிப்படவில்லை. "அடங்காத பிள்ளை மிகுதியாக அடிபடுகின்றது, அதனால் அப்படித் தோன்றுகின்றது" எனலாம். வினா நியாயமே. ஆயினும் அடி மருந்தாயின் ஒரு விளைவிலேனும் அதன் குணம் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?

மாத்திரை பற்றிப் பலர் எம்மைத் தனியே கேட்டதுண்டு. ஆறு வயதிற்குட்பட்டார்க்கு முதலில் பெற்றோர்க்கான பயிற்சியே வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகட்கு மருந்து பலர்க்குப் பயன்படுகின்றது. வேண்டுமா, வேண்டாவா என்பது மருத்துவர் ஆய்ந்து சொல்லவேண்டியது. அண்டைவீட்டார் சொல்வதன்று, தமிழாசிரியன் சொல்வதும் அன்று.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு மணி நேரம் அதனை அசையாமற் பார்க்கும் பிள்ளைக்குக் கவனம் உண்டு என்று வாதிப்பது பிழை. அங்கே நொடிக்கொரு கொத்து வாய்க்கே வந்து தொங்குகின்றது. ஆடு ஓடவேண்டிய தேவையில்லை. கைப்பேசியே இக்குறைபாட்டை உண்டாக்கிற்று என்று சொல்லத் துணியோம்; 1902-இல் கைப்பேசி இல்லை. ஆயின் உறக்கத்தை அது தின்றுவிடுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரைமுன் நாளொன்றுக்கு ஒருமணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. சோறூட்டும்போது கையிற் கொடுக்கும் தாய்மார் இதனை எண்ணிப் பார்க்க.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாது விடுதல் பிழையாகும். ஓடியாடும் ஆண்பிள்ளை யாவர் கண்ணுக்கும் படுவான். கடைசி இருக்கையில் சாளரத்தை நோக்கி அமர்ந்து, யாரையும் தொந்தரவு செய்யாது, ஒன்றும் காதில் வாங்காதிருக்கும் பெண்ணை 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டி விட்டுவிடுகின்றோம். எம் வகுப்புகளில் அத்தகையோர் எத்தனைபேர் எம் கண்முன்னே கடந்து போயினர் என்று நினைக்குந்தோறும் நெஞ்சம் சுருங்குகின்றது.

எம் மகன் இப்போது ஏழாம் வகுப்பிற் படிக்கின்றான். ஆடு அன்னமாகிவிட்டது என்று சொல்லின் பொய்யாகும். சென்ற கிழமையும் சோற்று டப்பா பேருந்தோடு போயிற்று; நடத்துநர் அவனை அறிந்தவராதலின் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அடிக்கோல் இப்போது கோடு போட மட்டும் பயன்படுகின்றது. யாம் கையை உயர்த்தினால் அவன் குனிவதில்லை. இது நிகழ ஓராண்டுக்கு மேலாயிற்று.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் முதன்மதிப்பெண் பெற்றோர்க்கு நாம் பரிசளிக்கின்றோம், நன்று. அவ்விழாவிற்கு வராமலே வீட்டில் இருந்துவிடும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. திங்கட்கொருமுறை ஒரு மாலைப்பொழுது இக்கட்டிடத்தின் மாடி அறையைப் பெற்றோர்க்கெனத் திறந்துவைத்தால், எம்போல் தவறியவர் நால்வர் கூடி அமர்ந்து பேசலாம். ஊரில் உள்ள பிள்ளைகள் மருத்துவரை அழைக்கலாம். 2013 முதல் நடைபெற்றுவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பதினெட்டு வயதுவரையிலான பிள்ளைகளைச் சோதிக்கும் குறைகளுள் இக்கவனக்குறைவும் ஒன்று என்பதையும், அதன்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன என்பதையும் நம்மவர் பலர் அறியார். அங்கே செல்லும் வழியைச் சொல்லிக் கொடுக்கலாம். வருகின்ற இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு யாமும் எம் இல்லாளும் அவ்வறையில் இருப்போம். வருவோர் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவர வேண்டா. ஒரு கணக்கு ஏட்டைக் கொண்டுவந்தாற் போதும். பிள்ளையையும் அழைத்து வரலாம். மாடியில் ஓட இடமுண்டு.